ஏழு வெக்கைக் கொன்றும் தோற்பது ஏன்? 'இன்டு தி பிரீச்' புதியவர்களுக்கான பழுது பார்ப்பு

என் தம்பி செஸ் போட்டிகளுக்குப் போய் வருபவன். 'இன்டு தி பிரீச்' என்ற கணினி ஆட்டத்தை அவனுக்குக் காட்டியது நான்தான். எட்டுக்கு எட்டுப் பலகை, நம் பக்கம் 'மெக்' என்னும் ராட்சத இயந்திரங்கள் மூன்றே காய், எதிர்ப்பக்கம் 'வெக்' என்னும் ராட்சதப் பூச்சிகள், மாற்றி மாற்றி ஆட வேண்டும். "இது என்னக்கா பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். முதல் வாரம் ஒரு தீவைக்கூட அவனால் முழுசாக மீட்க முடியவில்லை. தினமும் ஒரே புகார்தான்: "ஏழு வெக்கைக் கொன்னேன்க்கா. அப்பவும் தோத்துட்டேன்."

அவனுக்குப் பிறகு கூட வேலை பார்க்கும் நாலைந்து பேருக்கும் இதே ஆட்டத்தைப் பழக்கிவிட்டேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். திரும்பத் திரும்ப ஒரே பழுதைச் சரிசெய்து அலுத்துப்போய் எழுதி வைத்த குறிப்பு இது.

சப்செட் கேம்ஸ் 2018இல் வெளியிட்ட ஆட்டம். 2022இல் 'அட்வான்ஸ்டு எடிஷன்' இலவசமாகச் சேர்ந்தது. அப்போதே நெட்ஃபிளிக்ஸ் வழியாகக் கைபேசிக்கும் வந்துவிட்டது. கீழே சொல்வதெல்லாம் முதலில் கையில் கிடைக்கும் ரிஃப்ட் வாக்கர்ஸ் அணியை வைத்து. டைட்டன் ஃபிஸ்ட் குத்தும் காம்பாட் மெக், டாரஸ் கேனன் சுடும் கேனன் மெக், ஆர்ட்டிமிஸ் குண்டு வீசும் ஆர்ட்டிலரி மெக் என மூன்று. வேறு அணி கைக்கு வந்தாலும் பழுதுகள் பெரிதாக மாறாது.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கைக்காசு போகும் காரணம் கடைசியில்.

அறிகுறி 1: வெக் சாகிறது, ஆனால் கிரிட் இறங்கிக்கொண்டே போகிறது

தம்பியின் வியாதி இதுதான். பெரும்பாலானோருக்கும் இதுதான். கிரிட் என்பது கட்டடங்களின் மின்சாரக் கணக்கு, கட்டடம் அடிபட்டால் அது இறங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது: மெக்கில் கை வைக்கும் முன் எண்ணினீர்களா?

செஸ்ஸில் எதிராளி அடுத்து என்ன ஆடுவார் என்று நாம் ஊகிக்க வேண்டும். இங்கே வெக் முதலில் நகர்ந்து, யாரை அடிக்கப் போகிறது என்று காட்டிவிட்டு, அடிக்காமல் காத்திருக்கிறது. நம் டர்ன் முடிந்த பிறகுதான் அடி விழும். ஊகிக்க எதுவுமே இல்லாதபோதும் புதியவர்கள் அதைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் வெக்கை உடனே குத்தப் போய்விடுகிறார்கள்.

எந்த மெக்கையும் தொடாமல் ஒவ்வொரு வெக் மேலும் சுட்டியை வைத்துப் பாருங்கள். கட்டடத்தைக் குறிவைப்பது எத்தனை? மெக்கைக் குறிவைப்பது எத்தனை? இந்த டர்னில் உங்கள் வேலை முதல் வகை மட்டும்தான். மெக்கைக் குறிவைக்கும் வெக்கை அப்படியே விட்டுவிட்டு, அந்த மெக் வேறிடத்துக்கு நகர்ந்தாலே போதும். அடி காற்றில் போகும். நகர்ந்த பிறகு அதே கோட்டில் பின்னால் கட்டடம் ஏதும் இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணினேன், ஆனாலும் கை போதவில்லை என்றால்: வெட்டுவதை நிறுத்துங்கள்.

ஃபயர்ஃப்ளைக்கு 3 உயிர். டைட்டன் ஃபிஸ்ட் ஒரு குத்துக்கு 2 எடுக்கும், டாரஸ் கேனன் 1. ஒரு ஃபயர்ஃப்ளையைக் கொல்ல இரண்டு மெக்கின் டர்ன் போய்விடுகிறது. மீதி இருக்கும் ஒரு மெக், மீதி இருக்கும் இரண்டு தாக்குதலை என்ன செய்யும்? செஸ் ஆடுபவர்களுக்கு இதை ஏற்கத்தான் கஷ்டம். எதிராளியின் காயை வெட்டினால் லாபம் என்று சின்ன வயதிலிருந்து கை பழகியிருக்கிறது. இந்த ஆட்டத்தில் வெக்கை எல்லாம் கொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை டர்ன் தாக்குப்பிடித்தால் வெற்றி என்று மேலே எழுதியிருக்கிறது. அந்தக் கணக்கு முடிந்ததும் வெக் தானாகவே மண்ணுக்குள் போய்விடும்.

மூன்று ஆயுதமும் தள்ளும். தள்ளினால் வெக் ஒரு கட்டம் நகரும். அது அடிக்கும் திசை மாறாது. இதுதான் முழு ஆட்டமும்.

தள்ளினேன், அப்போதும் கட்டடம் அடிபட்டது என்றால்: எந்தப் பக்கம் தள்ளினீர்கள்?

ஃபயர்ஃப்ளை மாதிரி நேர்கோட்டில் சுடுவதை முன்னாலோ பின்னாலோ தள்ளிப் பயனில்லை. கோடு அதேதான், குண்டு அதே கட்டடத்தில்தான் விழும். பக்கவாட்டில் தள்ளுங்கள். பக்கத்து வரிசைக்குப் போனதும் அங்கே வேறு வெக் நின்றால் அதையே சுட்டுத் தள்ளும். அந்தக் காட்சியைப் பார்த்த அன்றுதான் தம்பிக்கு ஆட்டம் பிடித்தது.

ஹார்னெட், ஸ்கார்பியன் போல ஒட்டி நின்று அடிப்பவற்றைப் பின்னால் தள்ளினாலே போதும். முன்னால் காலிக் கட்டத்தை அடித்துவிட்டு நிற்கும்.

ஸ்காரப் தூரத்திலிருந்து வளைத்து வீசும். அதை நகர்த்தினால் குறியும் கூடவே நகரும். புதுக் குறி வேறொரு வீட்டின் மேல் போய் உட்கார்ந்திருக்கலாம், பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

ஆர்ட்டிலரியால் அடித்தும் வெக் அசையவில்லை என்றால்:

குண்டு விழும் நடுக்கட்டத்தில் 1 அடி உண்டு, தள்ளல் கிடையாது. சுற்றியுள்ள நான்கு கட்டத்தில் தள்ளல் உண்டு, அடி கிடையாது. வெக் தலையிலேயே குண்டைப் போட்டால் அது ஓர் உயிரை இழந்துவிட்டு, திட்டமிட்டபடியே வீட்டை உடைக்கும். அதன் பக்கத்தில் உள்ள காலிக் கட்டத்தில் போடுங்கள். இரண்டு வெக்குக்கு நடுவில் ஒரு காலிக் கட்டம் இருந்தால் ஒரே குண்டில் இரண்டும் விலகும். மூன்று மெக்கில் ஆர்ட்டிலரிதான் பலவீனமானது என்று புதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். என் கணக்கில் இந்த அணியைக் காப்பாற்றுவதே அதுதான். அதன் குண்டு யானை போகிற நேர்வழியில் போகும், குதிரை மாதிரி நடுவில் இருப்பதைத் தாண்டும். பக்கத்துக் கட்டத்தை மட்டும் அதனால் அடிக்க முடியாது.

நானே என் கட்டடத்தை உடைக்கிறேனா?

இருக்கலாம். வெக்கைத் தள்ளும்போது பின்னால் வேறு ஏதாவது இருந்தால் இரண்டுக்கும் ஆளுக்கு 1 அடி. பின்னால் இருப்பது வீடு என்றால் அந்த அடி கிரிட்டுக்கு. ஆர்ட்டிலரி நடுக்கட்டம் வீட்டின் மேல் விழுந்தாலும் அப்படியே. வீட்டுக்கு அடி விழாமல் செய்யும் மேம்பாடு அந்த ஆயுதத்துக்கே இருக்கிறது. கோர் (மேம்பாடுகளை இயக்கும் சக்தி) கிடைத்ததும் நான் முதலில் போடுவது அதற்குத்தான்.

எல்லாம் சரி, ஒரு தாக்குதல் மட்டும் மிஞ்சுகிறது என்றால்: வரிசையைப் பாருங்கள்.

வெக் எந்த வரிசையில் அடிக்கும் என்று காட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் ஆடிய ஒருவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. முதலில் அடிக்கும் வெக்கின் குறியில் மூன்றாவதாக அடிக்கும் வெக்கைத் தள்ளி நிறுத்தினால், மூன்றாவதன் முறை வருவதற்குள் அது செத்திருக்கலாம். செத்தது அடிக்காது. தீப்பிடித்து எரியும் வெக்குக்கு ஓர் உயிர் மட்டும் மிச்சம் என்றால் அதைத் தொடவே வேண்டாம். தீயின் அடி எல்லாவற்றுக்கும் முன்னால் விழும்.

அதற்கும் வழியில்லை என்றால்: மெக்கை நடுவில் நிறுத்துங்கள்.

கொஞ்சம் செலவு வைக்கும் வழி. நேர்கோட்டுக் குண்டுக்கு முன்னால் காம்பாட் மெக்கை நிறுத்தி அடியை வாங்கவைக்கலாம். சண்டை முடிந்ததும் மெக்கின் உயிர் முழுக்கத் திரும்பிவிடும். வீடு திரும்பாது, கிரிட்டும் திரும்பாது. சாதாரண நிலையில் 5 கிரிட்டோடு தொடங்குகிறீர்கள், 0 ஆனால் ஆட்டம் முடிந்தது. மெக்குக்கு விழும் 1 அடி ஒன்றுமே இல்லை.

கட்டடம் அடியைத் தாங்கிக்கொள்ள 15 சதவீத வாய்ப்பு இருப்பதாகத் திரையில் இருக்கும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிடைத்தால் லாட்டரி.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்தும் ஒரே டர்னில் இரண்டு கிரிட் போகப்போகிறது என்றால் நிறுத்துங்கள். எந்த மெக்கையும் நகர்த்தாமல் பலகையைப் படம் பிடித்து, ஆடத் தெரிந்தவருக்கு அனுப்புங்கள். வெக்கின் உயிர், குறி, வரிசை எல்லாமே திரையில் இருப்பதால் ஒரே படத்தை வைத்து அவரால் வழி சொல்ல முடியும். "கொஞ்சம் நகர்த்திட்டேன், அப்புறம் அனுப்பினேன்" என்று வந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அறிகுறி 2: ஒவ்வொரு டர்னும் வெக் கூடிக்கொண்டே போகிறது

மண் பிளந்து புகைகிற கட்டங்களைக் கவனிக்கிறீர்களா? அடுத்த வெக் அங்கிருந்துதான் வெளியே வரும். அந்தக் கட்டத்தின் மேல் யாராவது நின்றால் அதனால் வர முடியாது. நிற்பவருக்கு 1 அடி விழும், அவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கட்டத்தின் மேல் வேறொரு வெக்கைத் தள்ள முடியுமா என்று. முடிந்தால் நமக்குச் செலவே இல்லை. மேலே நிற்பதும் அடி வாங்கும், கீழே இருப்பதும் வராது. ஒரே தள்ளலில் தாக்குதலும் திசைமாறி, பிளவும் அடைபட்டால் அந்த டர்ன் உங்களுடையது.

அது முடியாவிட்டால், வேலை முடித்த மெக்கை அங்கே நிறுத்துங்கள். மெக் நகர்ந்துவிட்டுத்தான் அடிக்கும், அடித்துவிட்டு நகராது. ஆகவே நிற்கப்போகும் இடத்திலிருந்து அடிக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆர்ட்டிலரி மெக்குக்கு 2 உயிர்தான், அதை இந்த வேலைக்குக் கடைசியாகவே அனுப்புங்கள். மற்ற இரண்டுக்கும் 3.

அடைத்த பிளவு மறைந்துவிடாது; அடுத்த டர்னில் மறுபடி முயலும். முதல் டர்னிலேயே மூன்று மெக்கையும் பிளவின் மேல் காவல் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டைக் காப்பாற்ற அப்போது யார் இருக்கிறார்கள்? வீட்டு வேலை முடிந்த பிறகு மிச்சமிருக்கும் மெக்குக்குத்தான் இந்தக் காவல். சண்டையின் கடைசி டர்னில் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

கொல்வது எப்போது சரி? சும்மா கிடைக்கும்போது. தரையில் நடக்கும் சாதா வெக்கைத் தண்ணீரில் தள்ளினால் எத்தனை உயிர் இருந்தாலும் போய்விடும். பறக்கும் ஹார்னெட்டுக்கு இது பலிக்காது. தீவின் கடைசியில் வரும் தலைவர்களும் மூழ்க மாட்டார்கள். மெக்கும் மூழ்காது, ஆனால் தண்ணீரில் நின்றபடி சுட முடியாது. லீப்பர் பார்க்கப் பயமாக இருக்கும், ஒரு அடிக்கு 3 எடுக்கும். அதற்கு உயிர் ஒன்றே ஒன்றுதான். எதன் மேலாவது மோதவிட்டால் முடிந்தது.

மோதியும் சாகவில்லை என்றால் பலகையில் எங்கோ ஜெல்லிமீன் மாதிரி ஒரு சையான் மிதந்துகொண்டிருக்கும். சோல்ஜர் சையான் இருக்கும்வரை மற்ற வெக்குக்கெல்லாம் ஓர் உயிர் கூடுதல். கொல்வதற்கென்று ஒரு டர்ன் ஒதுக்குவதானால் நான் ஒதுக்குவது இதற்கு மட்டும்தான்.

அறிகுறி 3: மெக் நகர மறுக்கிறது, அல்லது சுட மறுக்கிறது

ஆட்டம் பழுதாகிவிட்டது என்று நினைத்து மறுபடி நிறுவியவர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம்.

நகரவில்லை: ஸ்கார்பியனோ லீப்பரோ வலை பின்னியிருக்கும். அதைக் கொல்ல வேண்டியதில்லை, தள்ளிவிட்டால் வலை அறுந்துவிடும். உங்கள் மெக்கையே இன்னொரு மெக்கால் தள்ளினாலும் அறும். ஆர்ட்டிலரி குண்டைப் பக்கத்தில் போட்டால் அடியில்லாமலே விடுதலை.

நகர்கிறது, சுடவில்லை: புகையில் அல்லது தண்ணீரில் நிற்கிறீர்கள். வெளியே வந்து சுடுங்கள். வெக்கும் புகையில் நின்றால் அடிக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

எட்டும் என்று நினைத்த கட்டம் எட்டவில்லை: மூலைவாட்டம் இங்கே கிடையாது. மந்திரியையும் ராணியையும் மறந்துவிடுங்கள்.

தவறான கட்டத்தை அழுத்திவிட்டேன்: அடிக்காதவரை நகர்வை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அடித்த பிறகு என்றால் டர்னையே முதலிலிருந்து ஆடும் வசதி ஒரு சண்டைக்கு ஒரு தடவை உண்டு. முதல் டர்னிலேயே அதைத் தீர்த்துவிடாதீர்கள். கைமறதிக்கென்று வைத்திருங்கள்.

அறிகுறி 4: பைலட் செத்துப்போகிறார்

மெக் அடித்து நொறுக்கப்பட்டால் உள்ளே இருக்கும் பைலட் போய்விடுவார், அதுவரை சேர்த்த அனுபவமும் போகும். மெக் அடுத்த சண்டைக்கு வரும், ஓட்டுவது பெயரில்லாத கணினி.

உயிர் 1 என்று காட்டும் மெக்கை வைத்து இன்னொரு வெக்கைக் கொல்லப் போவதுதான் வழக்கமான காரணம். அடிப்பதற்குப் பதிலாகப் பழுது பார்க்கவும் செய்யலாம். ஓர் உயிர் கூடும், தீயும் அமிலமும் போகும். மெக் தீப்பிடித்து எரிகிறது என்றால் எந்தக் கட்டத்தில் நின்றீர்கள் என்று பாருங்கள். புதியவர்கள் முதலில் ஆடும் ஆர்க்கைவ் தீவில் காடுகள் உண்டு. காட்டுக் கட்டத்தில் அடி விழுந்தால் பற்றிக்கொள்ளும், உள்ளே நிற்பவரும் சேர்ந்து எரிவார்.

அமிலம் வேறு கதை. அது பட்டிருந்தால் ஆயுத அடி இரட்டிப்பு. டெட்ரிட்டஸ் தீவில் கவனம்.

அறிகுறி 5: முதல் தீவு சுலபம், இரண்டாவதில் சரிந்துவிடுகிறேன்

ஒரு டர்னை மட்டும் பார்த்து இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது. பணப்பையைப் பார்க்க வேண்டும்.

கோர்களை எங்கே போட்டிருக்கிறீர்கள்? ஒரு தடவை போட்டால் போட்டதுதான் என்று நினைத்துச் சிலர் பயன்படுத்தாமலே வைத்திருக்கிறார்கள். ஒரு மெக்கில் போட்ட கோரை, சண்டைகளுக்கு நடுவே அதே மெக்கின் வேறு மேம்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், செலவில்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த சண்டைக்கு மாற்றிவிடுங்கள்.

எந்தச் சண்டையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? தீவு வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியும். 'மெக்குக்கு அடி குறைவாகப் பட வேண்டும்' என்கிற நிபந்தனையை, மெக்கை நடுவில் நிறுத்தி ஆடும் புதியவர் எடுத்தால் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். ரயிலையோ அணையையோ வைத்து வரும் கூடுதல் குறிக்கோள்களில் ஒன்று போனால் போகட்டும். கிரிட்டையும் குறிக்கோளையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியாத டர்னில், கிரிட் 3க்குக் கீழே இருந்தால் நான் குறிக்கோளை விட்டுவிடுவேன். இதில் என்னோடு சண்டை போடுகிற அனுபவசாலிகள் உண்டு.

வானத்திலிருந்து பாட் (பரிசுப் பெட்டி) விழுந்தால்? எடுங்கள், உள்ளே கோர் இருக்கும். அதற்காக ஓடத் தேவையில்லை. சண்டை முடியும்வரை உடையாமல் இருந்தாலே உங்களுக்குத்தான். வெக் அதன்மேல் ஏறினாலோ, அதற்கு அடி விழுந்தாலோதான் போச்சு.

தீவு முடிந்து கடையில் எதை வாங்குகிறீர்கள்? கிரிட் ஒன்றுக்கு 1 புள்ளி, கோருக்கு 3. புது ஆயுதம் பளபளவென்று தெரியும், வாங்கிய பிறகு அதை இயக்கவே பெரும்பாலும் கோர் கேட்கும் என்பது பிறகுதான் உறைக்கும். கிரிட் 4 அல்லது அதற்கும் கீழே இருந்தால் முதலில் கிரிட். அதற்குமேல் இருந்தால் கோர். ஆயுதக் கடைப் பக்கம் முதல் பத்து ஆட்டத்துக்குப் போகவே வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மூன்று ஆட்டம் தொடர்ந்து இரண்டாம் தீவிலேயே முடிந்தால், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஒரு சண்டை ஆடுங்கள். அவர் எதையும் சொல்லித்தர வேண்டாம். நீங்கள் ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் "இது எந்த வீட்டைக் காப்பாற்றுகிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பதில் வராத நகர்வில்தான் பழுது இருக்கும். யாரும் அகப்படவில்லை என்றால் 'ஈஸி' நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் வெக் குறைவாக வரும், படிப்பது அதே பாடம்தான்.

அறிகுறி 6: நான்கு தீவும் முடித்துவிட்டுத்தான் கடைசிச் சண்டைக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். இரண்டு தீவு மீட்டாலே வழி திறந்துவிடும். எத்தனை தீவு முடித்தீர்களோ அதற்கேற்பக் கடைசிச் சண்டையும் கடினமாகும். முதல் வெற்றிக்கு இரண்டு போதும். நான்கையும் மீட்டுவிட்டுத்தான் போவேன் என்ற வீம்பு பத்தாவது வெற்றிக்கு இருக்கட்டும்.

அறிகுறி 7: கிரிட் 0, எல்லாம் போய்விட்டது

சரிசெய்ய இனி ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கும் பைலட்களில் ஒருவரை அடுத்த டைம்லைனுக்கு, அதாவது புதிதாகத் தொடங்கும் ஆட்டத்துக்கு, அனுப்பச் சொல்லிக் கேட்கும். அவசரத்தில் முதல் பெயரை அழுத்திவிடாதீர்கள். அனுபவமும் திறன்களும் அவரோடு போகும். அதிக நிலை எட்டியவரை அனுப்புங்கள். எல்லோரும் புதியவர்கள் என்றால் ரால்ஃப் கார்ல்சன் நல்ல தேர்வு, ஒவ்வொரு கொலைக்கும் அவருக்குக் கூடுதல் அனுபவப் புள்ளி கிடைக்கும்.

தம்பி அவரைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறான். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு படம் வந்தது. எந்த மெக்கும் நகரவில்லை, மூன்று வீட்டுக்கு ஆபத்து. கீழே ஒரு வரி: "அக்கா, யாரையும் கொல்லாம ரெண்டு வீட்டைக் காப்பாத்திட்டேன். மூணாவதுக்கு வழி இருக்கா?"

இருந்தது. ஆர்ட்டிலரியை ஒரு கட்டம் தள்ளிப் போடச் சொன்னேன்.